சிலுவைப்போர் அரசுகளின் வணிகச் சலுகைப் பட்டயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலுவைப்போர் அரசுகள் என்பவை எவை? அவற்றின் பட்டயங்கள் எதைக் கொடுத்தன?

முதல் சிலுவைப்போரின் விளைவாக 1098 முதல் 1109 வரையிலான காலத்தில் சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் மேற்கு ஐரோப்பியப் பிரபுக்கள் நான்கு அரசுகளை நிறுவினர். எதெஸ்ஸா, அந்தியோக்கியா, திரிப்போலி, எருசலேம் ஆகியவை அவை. இந்த அரசுகளை ஆண்டவர்கள் வெனிஸ், ஜெனோவா, பீசா போன்ற கடல்வணிக நகரங்களுக்கு எழுதிக் கொடுத்த உரிமை ஆவணங்களையே இங்கே பட்டயங்கள் என்கிறோம். சுங்க விலக்கு, துறைமுக நகரில் ஒரு தெரு அல்லது குடியிருப்பு, தேவாலயம், சொந்த எடையும் அளவையும், தம் மக்களைத் தாமே விசாரிக்கும் நீதிமன்றம் ஆகியவை இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. எதெஸ்ஸாவுக்குக் கடற்கரை இல்லாததால் இந்தக் கதையில் அதற்குப் பெரிய இடம் இல்லை.

தாம் வென்ற நாட்டின் வருவாயை வெளிநகரத்தாருக்கு ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?

அவர்களிடம் கப்பல் இல்லை என்பதே முதன்மையான காரணம். 1099 ஜூலை 15 அன்று எருசலேம் சிலுவைப்படையின் கைக்கு வந்தபோது கடற்கரை நகரங்களில் பெரும்பாலானவை எகிப்தின் ஃபாத்திமித் ஆட்சியின் பக்கமோ உள்ளூர்த் தலைவர்களின் கையிலோ இருந்தன. எகிப்தியக் கடற்படை அந்நகரங்களுக்குத் தானியமும் ஆளும் கொண்டுவந்து சேர்க்கும் வரை, நிலத்தில் எத்தனை மாதம் முற்றுகையிட்டாலும் அவை பணிய வேண்டிய கட்டாயம் இல்லை. கடல் வழியை அடைக்கவும், முற்றுகைக் கருவிகளுக்கு மரமும் தச்சரும் தரவும், மேற்கிலிருந்து யாத்திரிகரையும் வீரரையும் ஏற்றிவரவும் இத்தாலிய நகரங்களால் முடிந்தது. அதற்கு ஈடாகக் கொடுக்க ஆட்சியாளர்களிடம் ரொக்கம் இல்லை. இன்னும் பிடிக்காத நகரத்தில் ஒரு பங்கைத் தருவதாக எழுதிக் கொடுக்க மட்டும் அவர்களால் முடிந்தது.

ஆகவே இப்பட்டயங்களைத் தாராள மனத்தின் கொடையாக வாசிப்பது பிழை. ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய பட்டயத்துக்கும் பின்னால் ஓர் இக்கட்டு இருக்கிறது. ஆவணத்தின் ஆண்டைப் பார்த்தவுடன் அந்த ஆண்டில் அரசனுக்கு என்ன நெருக்கடி என்று தேடுவதே சரியான தொடக்கம்.

இவற்றில் மிகப் பழையது எது?

அந்தியோக்கியா சிலுவைப்படையின் வசமான சில வாரங்களிலேயே, 1098 ஜூலை 14 அன்று, படைத்தலைவர்களில் ஒருவரான பொஹிமண்ட் ஜெனோவாக்காரர்களுக்குக் கொடுத்தது. புனித யோவான் தேவாலயம், ஒரு கிடங்கு விடுதி, ஒரு கிணறு, முப்பது வீடுகள் ஆகியவை அவர்களுக்கு வழங்கப்பட்டன. பதிலுக்கு நகரைக் காக்க உதவுவதாக அவர்கள் உறுதி கூறினார்கள். ஆனால் நகருக்கு உரிமை கோரிய மற்றொரு தலைவரான துலூஸ் பிரபு ரேமண்டுக்கு எதிராக மட்டும் போரிட மாட்டோம் என்றும், இருவருக்கும் சண்டை வந்தால் ஒதுங்கியிருப்போம் என்றும் விதிவிலக்கு வைத்துக்கொண்டார்கள். பொஹிமண்டின் உரிமையே உறுதியாகாத நிலையில், அவருக்கு ஜெனோவாவின் ஏற்பு தேவைப்பட்டது. ஜெனோவாவுக்கோ யார் வென்றாலும் தன் வீடுகள் தங்க வேண்டும். பின்னாளின் எல்லாப் பேரங்களின் சாயலும் இந்தச் சிறிய ஆவணத்திலேயே தெரிகிறது.

எருசலேம் அரசில் இது எப்படித் தொடங்கியது?

1100 கோடையில் யோப்பாவுக்கு வந்த வெனிஸ் கடற்படையோடு எருசலேமின் முதல் சிலுவைப்போர் ஆட்சியாளரான காட்ஃப்ரி உடன்பாடு செய்துகொண்டார். அரசின் ஒவ்வொரு நகரிலும் ஒரு தேவாலயமும் ஒரு சந்தையிடமும், வெனிஸின் உதவியோடு பிடிக்கப்படும் நகரங்களில் மூன்றில் ஒரு பங்கும் வாக்களிக்கப்பட்டன. அந்த ஜூலையிலேயே காட்ஃப்ரி இறந்துவிட்டார்.

அவருக்குப் பின் வந்த முதலாம் பால்ட்வின் ஜெனோவாவை நாடினார். 1101இல் அர்சூஃபும் செசரியாவும், 1104 மே மாதத்தில் அக்கோவும் ஜெனோவாக் கப்பல்களின் துணையோடு பிடிபட்டன. அந்நகரங்களில் மூன்றில் ஒரு பங்கும், அக்கோ துறைமுக வருவாயில் மூன்றில் ஒரு பங்கும், எருசலேமிலும் யோப்பாவிலும் குடியிருப்பும் கிடைத்ததாக ஜெனோவா உரிமை கொண்டாடியது. பீசாவுக்கு 1108இல் அந்தியோக்கியாவின் ஆட்சிப்பொறுப்பிலிருந்த டான்கிரட் லவோதிக்கேயாவிலும் அந்தியோக்கியாவிலும் சலுகை அளித்தார்.

அதிகம் பேசப்படும் 1123ஆம் ஆண்டு வார்மண்ட் உடன்படிக்கை எந்தச் சூழலில் எழுதப்பட்டது?

அரசர் இல்லாத நேரத்தில். 1123 ஏப்ரலில் இரண்டாம் பால்ட்வின் துருக்கியத் தலைவர் பலக்கிடம் சிறைப்பட்டார். அடுத்த மாதமே வெனிஸின் ஆட்சித்தலைவர் தொமேனிகோ மிகியேல் பெரிய கடற்படையோடு வந்து, அஸ்கலோன் அருகே எகிப்தியக் கப்பல்களை முறியடித்தார். கீழைக் கடலில் அப்போது வெனிஸுக்கு நிகராக யாரும் இல்லை. எருசலேம் அரசின் பக்கத்தில் பேரம் பேச இருந்தவர்கள் எருசலேம் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை வார்மண்ட், படைத்தலைவரும் அரசப் பொறுப்பாளருமான வில்லியம் டி பூர், ஆவணத்துறைத் தலைவர் பேகன், சில ஆயர்கள், பிரபுக்கள் ஆகியோரே.

எந்த நகரைத் தாக்குவது என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து பிளந்தது. தெற்கே இருந்தவர்கள் அஸ்கலோனைக் கேட்டார்கள், வடக்கே இருந்தவர்கள் தீருவைக் கேட்டார்கள். இரண்டு சீட்டுகளில் இரண்டு பெயர்களையும் எழுதி, தாய் தந்தையற்ற சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னதாகவும், அவன் கையில் தீரு வந்ததாகவும் தீருவின் பேராயர் வில்லியம் தம் வரலாற்றில் எழுதுகிறார். 1124 பிப்ரவரியில் தொடங்கிய முற்றுகை ஜூலை 7 அன்று நகரின் சரணடைவில் முடிந்தது. உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் வில்லியம் தம் நூலில் சேர்த்திருக்கிறார்.

அந்த உடன்படிக்கையின் விதிகள் என்ன?

அரசரின் நகரங்களிலும் பிரபுக்களின் நகரங்களிலும் ஒரு தேவாலயம், ஒரு முழுத் தெரு, ஒரு சதுக்கம், ஒரு குளியலகம், ஒரு ரொட்டி அடுப்பு ஆகியவை வெனிஸுக்குப் பரம்பரை உரிமையாக, வரியின்றி, அரசரின் சொந்தச் சொத்தைப் போலவே அனுபவிக்கத் தரப்படும் என்பது முதல் விதி. ரொட்டி அடுப்பும் குளியலகமும் இவ்வளவு பெரிய ஆவணத்தில் ஏன் வருகின்றன என்று வாசகர் வியக்கலாம். ஊரார் மாவைக் கொண்டுவந்து சுட்டுக்கொள்ளும் அடுப்பும் பொதுக் குளியலகமும் அன்று ஆண்டைக்குக் கட்டணம் ஈட்டித் தந்த உரிமைகள். அவற்றை விட்டுக்கொடுப்பது நாள்தோறும் வரும் காசை விட்டுக்கொடுப்பதாகும். அக்கோவில் வெனிஸ்காரர்கள் தம் குடியிருப்பில் சொந்த அடுப்பு, ஆலை, குளியலகம், தராசு, திராட்சை மதுவையும் எண்ணெயையும் தேனையும் அளக்கும் அளவைகள் ஆகியவற்றை வைத்துக்கொள்ள விரும்பினால், அங்கே குடியிருக்கும் எவரும் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்கிறது அடுத்த விதி.

எடையைப் பற்றிய விதி எனக்கு இந்த ஆவணத்திலேயே மிகவும் கூர்மையானதாகத் தோன்றுகிறது. வெனிஸ்காரர் தமக்குள் வாங்கி விற்கும்போதும், தம் சரக்கைப் பிறருக்கு விற்கும்போதும் வெனிஸின் அளவை செல்லும்; பிறரிடமிருந்து அவர்கள் வாங்கும்போது அரசரின் அளவையில் அளந்து அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அளவைக் கட்டணமும் அரசருக்கு வருவாய்தான் என்பதை இரு தரப்பும் அறிந்து, அதைச் சரியாகப் பிளந்துகொண்டிருக்கிறார்கள்.

நகருக்குள் வரவோ, தங்கவோ, வாங்கவோ, விற்கவோ, வெளியேறவோ வெனிஸ்காரர் எந்த வரியும் தர வேண்டியதில்லை. யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கு மட்டும் விலக்கில்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு அரசருக்குச் சேரும். இதற்கு மேல் ஆண்டுதோறும் புனித பேதுரு, பவுல் திருநாளில் தீருவின் சந்தை வருவாயிலிருந்து 300 பெசான்ட் பொற்காசுகள் வெனிஸின் ஆட்சித்தலைவருக்குத் தரப்பட வேண்டும். கப்பல் உடைந்தால் சரக்கு பறிபோகாது. வெனிஸ்காரர் ஒருவர் உயில் எழுதியோ எழுதாமலோ இறந்தால் அவருடைய உடைமை வெனிஸ் அதிகாரிகளின் பொறுப்புக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீரு, அஸ்கலோன் என்னும் இரு நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த நிலங்களும் பிடிபட்டால் மூன்றில் ஒரு பங்கு வெனிஸுக்கு உரியது.

சிறையிலிருந்த அரசரைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்துமா?

இந்த ஐயம் வெனிஸ்காரருக்கும் இருந்தது. அதனால்தான் அரசர் விடுதலையானதும் இதை உறுதிசெய்யச் செய்வோம் என்றும், வேறொருவர் அரியணைக்கு வருவதானால் அவரும் முன்னதாக இதை உறுதிசெய்ய வேண்டும், இல்லையேல் அவரை அரசராக ஏற்க மாட்டோம் என்றும் முதுபெரும் தந்தையையும் பிரபுக்களையும் எழுத வைத்தார்கள். ஒரு வணிக ஒப்பந்தம் அரசரின் முடிசூட்டுக்கே நிபந்தனை போட்டது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல.

பால்ட்வின் 1124இல் விடுபட்டு, 1125இல் தம் பெயரில் பட்டயம் அளித்தார். பெரும்பாலான விதிகளை ஏற்றார். ஆனால் வெனிஸ் தன் மூன்றிலொரு பங்குக்கு ஏற்பத் தீருவின் பாதுகாப்புக்குப் பணியாற்ற வேண்டும் என்ற கடமையைச் சேர்த்தார். வரியில்லாச் சொத்தாக எழுதப்பட்டது ஓரளவு கடமையுள்ள சொத்தாக மாறியது. இழந்ததை மீட்க முடியாத அரசர், கொடுத்ததற்கு ஒரு பொறுப்பையாவது இணைத்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

தனி நீதிமன்றம் என்றால் வெனிஸ்காரர் அரசரின் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர்களா?

முழுமையாக இல்லை. வெனிஸ்காரருக்குள் எழும் வழக்கும், பிறர் ஒருவர் வெனிஸ்காரர் மீது தொடுக்கும் வழக்கும் வெனிஸ் நீதிமன்றத்துக்குச் செல்லும். வெனிஸ்காரர் பிறர் மீது வழக்குத் தொடுத்தால் அரச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எதிராளியின் மன்றத்தில் வழக்காட வேண்டும் என்னும் அன்றைய பொது நெறியே இது.

இதைவிட ஆழமான விதி வேறொன்று உண்டு. வெனிஸின் தெருவிலும் வீடுகளிலும் குடியிருக்கும் எந்த இனத்தார் மீதும், அரசருக்குத் தம் குடிகள் மீதுள்ள அதே அதிகாரம் வெனிஸுக்கு இருக்கும் என்று 1123ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. ஆகவே அங்கே வாடகைக்கு வாழ்ந்த சிரியக் கிறிஸ்தவரும் யூதரும்கூட வெனிஸின் நீதிக்குள் வந்தார்கள். நபரைப் பற்றிய சலுகை நிலத்தைப் பற்றிய ஆட்சியாக இங்கே உருமாறுகிறது. பிற்கால அரசர்கள் கொலை போன்ற கடுங்குற்றங்களைத் தம் மன்றத்துக்கு ஒதுக்கி வைக்க முயன்றது இந்த ஆபத்தை உணர்ந்ததனால்தான். இந்நகரங்களின் சார்பில் ஜெனோவாவுக்கும் பீசாவுக்கும் கான்சல்களும், வெனிஸுக்குப் பின்னாளில் பைலோ எனப்பட்ட பிரதிநிதியும் அங்கே அமர்ந்து நீதி வழங்கினர்.

சலுகை இல்லாத வணிகர் என்ன அனுபவித்தார்?

நிலவழிச் சரக்குக்கு ஃபோந்தா எனப்பட்ட சந்தை மன்றமும், கடல்வழிச் சரக்குக்குத் துறைமுகத்தின் இரும்புச் சங்கிலியின் பெயர் பெற்ற சங்கிலி மன்றமும் இருந்தன. அக்கோவின் சட்டத் தொகுப்பின்படி ஃபோந்தா மன்றத்தில் நான்கு சிரியரும், மேற்கு ஐரோப்பிய வழியினரான பிராங்கியர் இருவரும் நடுவராக அமர்ந்தார்கள். யூதர் தோராவின் மீதும், முஸ்லிம் குர்ஆனின் மீதும் சத்தியம் செய்தனர். மிளகு, சர்க்கரை, பட்டு, சாயப்பொருள் என்று பண்டவாரியாகச் சுங்க வீதப் பட்டியல் ஒன்றும் அத்தொகுப்பில் இருக்கிறது. செங்கடல் வழியாகவும் எகிப்து வழியாகவும் வந்த மலபார் மிளகும் இப்படித்தான் வரி கட்டியது.

1184 செப்டம்பரில் திமிஷ்கிலிருந்து (டமாஸ்கஸ்) வணிகக் கூட்டத்தோடு அக்கோவுக்கு வந்த ஆந்தலூசிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் சுங்கச்சாவடியைக் கண்ணெதிரே நிறுத்துகிறார். வாசலில் கம்பளம் விரித்த கல் திண்ணைகள். அவற்றில் பொன் இழைத்த கருங்காலி மைக்கூடுகளோடு கிறிஸ்தவ எழுத்தர்கள். அவர்கள் எழுதுவதும் பேசுவதும் அரபி. சுங்கத்தைப் பெருந்தொகைக்குக் குத்தகை எடுத்தவரே தலைவர். வணிகர்கள் சரக்கை இறக்கி மேல்தளத்தில் தங்கினார்கள். சரக்கில்லை என்றவரின் மூட்டையும் சோதிக்கப்பட்டது. எல்லாம் மரியாதையோடு, கடுமையின்றி நடந்ததாக அவர் குறிப்பிடுகிறார். சுங்க விலக்குப் பட்டயம் வைத்திருந்த வெனிஸ்காரருக்கும் இந்தத் திண்ணைக்கும் இடையே என்ன வேறுபாடு இருந்திருக்கும் என்பதை நினைத்தால், எட்டு அல்லது பத்து விழுக்காடு வரியின் விலக்கு எத்தகைய வணிக வலிமை என்று விளங்கும்.

இத்தாலியருக்கு மட்டும்தான் இப்படிச் சலுகைகள் கிடைத்தனவா?

இல்லை. 1120இல் இரண்டாம் பால்ட்வின் எருசலேம் நகரத்தாருக்குச் சுங்கத்தை நீக்கினார். கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகளைச் சிரியர், கிரேக்கர், அர்மீனியர், ஏன், முஸ்லிம்களும்கூட வரியின்றி நகருக்குள் கொண்டுவரலாம் என்றார். மக்கள் குறைந்து, உணவு விலை உயர்ந்திருந்த நகருக்கு இது பிழைப்பு. பட்டயங்களில் இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனெனில் இதில் பயனடைந்தவர் கடைத்தெருவில் ரொட்டி வாங்கிய எளிய மனிதர்.

குடியேற்றப் பட்டயங்களும் உண்டு. தெற்கு எல்லையில் பெத்கிபெலின் கோட்டைக்கருகே மருத்துவப் பணித் துறவியரான ஹாஸ்பிட்டலர் சபையினர் 1168இல் புதுப்பித்தளித்த பட்டயம் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு நிலமும் உரிமையும் தந்தது. குடியேறியவர்கள் ஓவர்ன், காஸ்கனி, லொம்பார்தி, கட்டலோனியா, ஃபிளாண்டர்ஸ் என்று பலதிசைகளிலிருந்து வந்தவர்கள். 1187இல் ஹத்தீன் போரில் சலாதீனிடம் எருசலேம் அரசின் படை அடைந்த தோல்விக்குப் பின் தீருவில் தனித்து நின்ற கான்ராட், பீசா, ஜெனோவாவோடு பார்சலோனா, மார்சேய், மோம்பெல்லியே, சான் ஜில் வணிகருக்கும் சலுகை வழங்கினார். அப்போது அவருக்கு எந்தக் கப்பலும் பெரிய கப்பல்தான்.

எழுதியபடியே எல்லாம் கிடைத்ததா?

பெரும்பாலும் பாதிதான் கிடைத்தது. அஸ்கலோன் 1153இல்தான் பிடிபட்டது. அதில் வெனிஸுக்குப் பங்கு கிடைக்கவில்லை. ஜெனோவா தன் சொத்துக்களை 1154இல் எம்பிரியாகோ குடும்பத்தாருக்குக் குத்தகைக்கு விட்டது. ஜுபைல் நகரை ஆண்ட அக்குடும்பம் நாளடைவில் குத்தகையைச் செலுத்தாமல் சொந்தப் பிரபுக்களாகவே மாறியது; திருத்தந்தையின் (போப்பின்) கடிதங்களும் பயன் தரவில்லை. மறுபுறம் ஆட்சியாளரும் சலுகைகளைப் பறித்தனர். 1190களில் பீசாக்காரர் மேல் சந்தேகம் கொண்ட ஷாம்பேன் பிரபு ஹென்றி, தீருவில் அவர்களின் எண்ணிக்கையை முப்பது பேருக்கு மட்டுப்படுத்தி, அக்கோவிலிருந்து வெளியேற்றவும் செய்தார்.

போலிப் பட்டயங்கள் உண்டா?

உண்டு. மார்சேய் நகரம் 12ஆம் நூற்றாண்டு அரசர்கள் கொடுத்ததாகக் காட்டிய சில பட்டயங்கள் 13ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டவை என்று ஆய்வாளர் நிறுவியிருக்கிறார்கள். ஜெனோவாவின் 1104ஆம் ஆண்டு உரிமைகள் திருக்கல்லறைத் தேவாலயத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன, அரசர் அமல்ரிக் அதை அகற்றினார் என்ற புகாரை ஏற்று, திருத்தந்தையர் மூன்றாம் அலெக்சாந்தரும் மூன்றாம் ஊர்பனும் அதை மீண்டும் வைக்கும்படி எழுதினார்கள். அந்தப் பொறிப்பு எப்போதாவது இருந்ததா என்பதைப் பற்றி ஆய்வாளரிடையே கடுமையான விவாதம் நடந்திருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று தெளிவு: பழைய பட்டயம் ஒன்றுக்கு நூறாண்டு கழித்தும் போலி செய்யுமளவு மதிப்பு இருந்தது.

இச்சலுகைகளே அரசுகளை அழித்தனவா?

அது மிகைப்படுத்தல். கப்பல்கள் இன்றித் தீரு வீழ்ந்திராது, அக்கோ இருந்திராது. வரி விலக்கால் வணிகம் பெருகியபோது, விலக்கில்லாத மறுதரப்பு வணிகரிடமிருந்து அரசருக்கு வருவாயும் வந்தது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் அரசர்கள் அங்கே தங்காத காலத்தில், மதில் சூழ்ந்த மூன்று தன்னாட்சிக் குடியிருப்புகளைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் போனது. 1256இல் தொடங்கிய புனித சாபாஸ் போரில் அக்கோவின் தெருக்களில் கற்பொறிகளால் அவர்களே ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். 1258இல் ஜெனோவா அக்கோவிலிருந்து துரத்தப்பட்டுத் தீருவுக்கு நகர்ந்தது. தீருவை ஆண்ட மோன்ஃபோர் பிரபுவோ வெனிஸை அங்கிருந்து ஏற்கெனவே வெளியேற்றியிருந்தார். வெனிஸ் தீருவுக்குத் திரும்ப 1277ஆம் ஆண்டு உடன்பாடு வரை காத்திருந்தது. சலுகையைக் குற்றம் சொல்வதைவிட, அதைக் கண்காணிக்கும் அரசு மறைந்ததைக் குற்றம் சொல்வதே நியாயம்.

1290இல் ஜெனோவா எகிப்தின் சுல்தான் கலாவூனோடு தனியே வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. 1291 மே 18 அன்று அக்கோ எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் வீழ்ந்தது, தீருவும் உடனே கைவிடப்பட்டது. பட்டயங்கள் செல்லுபடியாகும் நிலம் அத்துடன் தீர்ந்தது.

மூல ஆவணங்கள் எப்படி இருக்கும்? இன்று எங்கே உள்ளன?

தோலில் லத்தீனில் எழுதி, திரித்துவத்தின் பெயரால் தொடங்கி, அரசரின் பட்டப்பெயர், கொடையின் விவரம், சாட்சிகளின் பெயர், ஆண்டு என்று முடிப்பது வழக்கம். அரசரின் ஈய முத்திரையில் ஒருபுறம் அரியணையில் அரசர், மறுபுறம் எருசலேமின் தாவீது கோபுரமும் தேவாலயக் கும்மட்டங்களும் இருக்கும். கொடுத்த அரசின் ஆவணக் காப்பகம் காலத்தில் அழிந்துவிட்டது. பெற்றவர்கள்தாம் கவனமாகக் காத்தார்கள். ஜெனோவாவின் உரிமை நூல்கள், வெனிஸின் ஒப்பந்த நூல்கள், பீசாவின் காப்பகம், மால்டாவிலுள்ள ஹாஸ்பிட்டலர் ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்தே நாம் இவற்றை அறிகிறோம். ஆகவே சிறு வணிகருக்கும் உள்ளூர்க் குடிகளுக்கும் கொடுத்தவற்றில் எவ்வளவோ நம் கண்ணிலிருந்து மறைந்திருக்க வேண்டும். இத்தாலிய நகரங்களின் பங்கு நமக்கு மிகப் பெரிதாகத் தெரிவதில் இதற்கும் ஒரு பங்குண்டு.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் எந்தப் பட்டயத்திலிருந்து தொடங்கலாம்?

1123ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் 1125ஆம் ஆண்டு பால்ட்வினின் உறுதிப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விதிக்கு விதி ஒப்பிட்டுப் படிக்கலாம். எந்தச் சொல் அப்படியே வந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, எந்தக் கடமை புதிதாக நுழைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டால், அரசர் இல்லாதபோது கொடுக்கப்பட்டதும் அரசர் வந்த பின் நிலைத்ததும் தனித்தனியே தெரியும். அதற்குப் பின் 1120ஆம் ஆண்டு எருசலேம் சலுகையைப் படிப்பது நல்லது, ஏனெனில் அந்த அரசர் கட்டாயப்படுத்தும் கடற்படை எதிரே இல்லாதபோது எதைக் கொடுத்தார் என்பது அதில் இருக்கிறது.